க்வாம் ஜெயித்த கருத்தரங்கு

அருமனைக்கு அப்பால், ரப்பர்த் தோட்டத்தை வெட்டிக் கட்டிய பொறியியல் கல்லூரி ஒன்றில் 2008-இல் டெல்சி எம்.இ. படித்துக்கொண்டிருந்தாள். செல்போன் பேச்சை அலையில் ஏற்றி அனுப்பும் டிஜிட்டல் மாடுலேஷன் முறைகளை ஒப்பிடுவது அவளுடைய ஆய்வு. ஓடும் வண்டியில் இருப்பவருக்கு எந்த முறையில் பிழை குறைவாக வரும் என்று கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்தாள். ஜி.எம்.எஸ்.கே. என்ற முறை தாக்குப்பிடித்தது. அதைவிட நிறையத் தகவலைச் சுமக்கும் க்வாம் என்ற முறையோ, சிக்னல் கொஞ்சம் தளர்ந்ததுமே பிழைகளாகக் கொட்டியது.

துறைத்தலைவர் ஜெபதாஸுக்கு முகம் கறுத்துவிட்டது. க்வாம்தான் எங்கும் சிறந்தது என்று எழுதித்தான் அவர் டாக்டர் பட்டம் வாங்கியிருந்தார். மாணவர்கள் அவரை க்வாம் சார் என்பார்கள். அதை அவர் பாராட்டு என்றே நினைத்திருந்தார். மறுபடி ஓட்டச் சொன்னார். ஓட்டினாள். அதே வளைகோடுகள். பிழையைக் காட்டும் படத்தில் கீழே இருப்பதுதான் ஜெயித்தது. க்வாமோ உச்சியில் இருந்தது.

“மக்களே, கோட்டைத் தொடாண்டாம்,” என்றார் அன்பாக. “ரெண்டு கோட்டுக்கும் பேரை மட்டும் மாத்திப் போடு.”

மாற்றிய கட்டுரையே கருத்தரங்க மலருக்கு அச்சுக்குப் போனது. எழுதியவர்களில் முதல் பெயர் ஜெபதாஸ்.

அது கல்லூரி நடத்திய சர்வதேசக் கருத்தரங்கு. பேனர் அடித்தாயிற்று, வெளிநாட்டவர்தான் கிடைக்கவில்லை. தாளாளர் முத்துநாயகம் சிதறால் மலைக்கு ஜீப் அனுப்பினார். சமணர் கோயில் பார்க்க வந்த போலந்துப் பல் டாக்டர் ஒருவர், ஏதோ திருவிழா என்று நினைத்து ஏறிக்கொண்டார். பொன்னாடை போர்த்தி முன்வரிசையில் உட்கார வைத்தார்கள்.

டெல்சி மேடையேறினாள். பென் டிரைவில் இரண்டு படங்களும் இருந்தன. உண்மையானதைத் திறந்தாள். ஓடும் வண்டியில் க்வாம் இவ்வளவு பிழை விடும் என்று திருத்தமாகச் சொன்னாள். ஜெபதாஸ் எழுந்து கத்தப்போகிறார் என்று திரும்பினாள். அவர் பல் டாக்டரிடம் வாயைப் பிளந்து கடைவாய்ப்பல்லைக் காட்டிக்கொண்டிருந்தார்.

எல்லோரும் கை தட்டினார்கள். சிறந்த கட்டுரைக்கான கேடயத்தைப் பல் டாக்டரே கொடுத்தார்.

தேநீரின்போது ஜெபதாஸ் பூரிப்போடு வந்தார். “பாத்தியா, பேரை மாத்துனதும் படம் எவ்வளவு அழகா, சேலாட்டு இருக்கு?”

“நான் மாத்தல்ல, சார்.”

அவர் கையிலிருந்த வடையைத் தட்டில் வைத்துவிட்டுச் சுற்றிலும் பார்த்தார்.

“ஆருக்கும் தெரியல்ல இல்லியா? அப்ப நீயும் சொல்லாண்டாம்,” என்றார்.

திட்டு வாங்கியிருந்தால்கூட இவ்வளவு கேவலமாக இருந்திருக்காது என்று டெல்சிக்குப் பட்டது. கேடயத்தை அங்கேயே மேஜையில் விட்டுவிட்டு பஸ் ஏறினாள்.

அடுத்த வருடம் ஜெபதாஸ் பிரின்சிபால் ஆனார். டெல்சி திருவனந்தபுரத்தில் ஒரு கம்பெனிக்கு இன்டர்வியூ போனாள். க்வாமைப் பற்றிக் கேட்டார்கள், உள்ளதைச் சொன்னாள், வேலை கிடைத்தது. அச்சான கட்டுரையைக் காட்டச் சொன்னபோது மட்டும், வீட்டில் கறையான் அரித்துவிட்டது என்றாள்.