அண்ணனின் பெயரில்

அப்பாவுக்கு மறதி வந்த பிறகு குமரகுருவுக்கு வாழ்க்கை இனிக்கத் தொடங்கியது. இதை வெளியே யாரிடம் சொல்ல முடியும்?

கோயிலில் தன் பூஜை முறையை முடித்து அவன் வீட்டுக்குள் நுழைந்ததும் கட்டிலில் இருக்கும் அப்பா உமாமகேஸ்வர குருக்களின் முகம் மலரும். "பிரதோஷ், வந்துட்டியாடா?" என்று கையைப் பிடித்துக்கொள்வார். பிரதோஷ் மூத்தவன், சென்னையில் மருந்து ஆராய்ச்சியில் இருப்பவன். அப்படிக் குழைந்த குரலில் அப்பா அவனை மட்டுமே கூப்பிட்டிருக்கிறார். குமரகுருவுக்கு வாய்த்ததெல்லாம், மந்திரத்தில் ஸ்வரம் தப்பினால் முதுகில் விழும் அடிதான். முதல் நாள், "நான் குமரகுருப்பா" என்று திருத்தினான். மறுநாள் திருத்தவில்லை. அதன் பிறகு அந்தப் பெயருக்காகவே வீட்டுக்கு விரைந்து வந்தான்.

பங்குனி வெயிலில் அசல் பிரதோஷ் காரில் வந்து இறங்கினான். அவனுடைய குழு உருவாக்கிய பெப்டைடு மருந்தை சென்னையில் ஒரு ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்குக் கொடுத்துச் சோதிக்கிறார்களாம். அப்பாவையும் சேர்க்கலாம்; ஆனால் கூட இருந்து பார்த்துக்கொள்பவன் சம்மதிக்க வேண்டும்.

"மூளைல ஒரு புரதம் பிசினாட்டம் திரண்டுக்கறது. இந்தப் பெப்டைடும் குட்டிப் புரதம் மாதிரிதான். மூக்குல சொட்டா விடுவா. நடுவுல புகுந்து திரள விடாது."

"பழையபடி ஆயிடுவாராண்ணா?"

"சொல்ல முடியாது. ஆளை அடையாளம் தெரிஞ்சாலே ஜாஸ்தி."

குமரகுரு கட்டில் பக்கம் திரும்பினான். அடையாளம் தெரிந்தால் பெயர் அண்ணனிடம் திரும்பிப் போய்விடும், அந்தக் குரலும் கூடவே போகும். படிப்பு, சென்னை, கார் எல்லாம் அவனுக்கே கிடைத்தாயிற்று. மிச்சமிருந்த இதையும் சொட்டு மருந்து விட்டுப் பிடுங்க வந்துவிட்டான்.

"அலைச்சல் அப்பாவுக்குத் தாங்காது. வேண்டாம்ணா" என்றான்.

பிரதோஷ் வாதாடவில்லை. போய் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தான். அவர் அவனை வெகுநேரம் உற்றுப் பார்த்தார்.

"குமரகுருவா?"

பிரதோஷ் தம்பியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஆமாம்ப்பா" என்றான்.

குருக்கள் அவன் முதுகை மெல்லத் தடவிக்கொடுக்க ஆரம்பித்தார். "ரொம்ப அடிச்சுட்டேன், இல்லையாடா? என் குரல் உனக்குத்தான் வந்திருக்கு. சொன்னா தலைக்கேறிடும்னு சொல்லாமலே இருந்துட்டேன்."

வாசற்படியில் நின்ற குமரகுருவின் முதுகு கூசியது. அடி வாங்கிய முதுகு இங்கே இருக்க, தடவல் அங்கே போய்க்கொண்டிருந்தது. காத்திருந்து காத்திருந்து அவன் கேட்டிராத சொல், அதுவும் அண்ணன் காதில் விழுந்துவிட்டது. பிரதோஷ் என்ற பெயரைக் குமரகுரு அண்ணனிடமே விட்டுக்கொடுத்துவிடலாம். இது அவனுடையது. அவன் முகத்தைப் பார்த்து அப்பா சொல்ல வேண்டியது.

உள்ளே போனான். கொடியில் கிடந்த அப்பாவின் அங்கவஸ்திரத்தை எடுத்து மடித்தான்.

"கார்ல ஏசியைக் கம்மியா வைண்ணா" என்றான். "அப்பாவுக்கு ஆகாது."