கழுவாத சல்லடை

நான்கு வருடத்தில் பதினோராயிரம் நாற்றுகளை இருட்டறையில் வைத்துப் பார்த்தவள் அவள். எல்லா நாற்றிலும் ஒளிர வைக்கும் மரபணு ஒன்று உண்டு. செடி அதை அடக்கி வைத்திருக்கும். அடக்குகிற மரபணு கெட்டால்தான் இலை ஒளிரும். மூன்றே மூன்று ஒளிர்ந்தன. அவற்றில் கெட்டிருந்த மரபணு இதுதான் என்று ஆய்வகத் தலைவர் கட்டுரை போட்டு, ஊரெல்லாம் தம்பட்டமும் அடித்துவிட்டார். தலைவர் வேறு யாருமில்லை, அவளுடைய சித்தப்பா.

பிறகு ஆய்வகத்தின் மின்னஞ்சலுக்கு எங்கோ இருந்த ஒரு மாணவி எழுதினாள்: "அக்கா, அதே மரபணுவை நாலு தடவை கெடுத்துப் பாத்துட்டேன். ஒரு இலைகூட ஒளிரல. என் கைதான் சரியில்லையா?"

அதைப் படித்தவள், ஒளிர்ந்த மூன்றும் தங்கள் ரகம்தானா என்று முதலிலேயே செய்திருக்க வேண்டிய சோதனையை இப்போது செய்தாள். பத்து நாள் பிடித்தது. மூன்றும் ஒப்பிடுவதற்காக வளர்க்கும் வேறு ரகம். அதில் ஒளியை அடக்குவதே கிடையாது, எப்போதும் ஒளிரும். விருந்தாளிகள் வந்த அன்று சித்தப்பா தன் கையால் விதை சலித்துக் காட்டினார். அந்த ரகத்தைச் சலித்த சல்லடையைக் கழுவாமலே ஆய்வுக்கான விதையையும் அதில் கொட்டினார். பூட்டே இல்லாத வீட்டில் பூட்டை உடைத்த கதை! சோதனை எதற்கு, வெட்டி வேலை என்று அவர் சொன்னபோது பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டியதும் அவள்தான். தன்னை நினைத்தே குமட்டியது.

சித்தப்பா பேனா மூடியால் காதைக் குடைந்தபடி எல்லாவற்றையும் கேட்டார். மூடியை ஒருமுறை முகர்ந்து பார்த்துக்கொண்டார்.

"இப்ப என்னங்கற? வேற எவனாவது நெசமாவே கண்டுபிடிக்கிற வரைக்கும் நம்மது ஓடும். உன் பேருதான் முதல்ல இருக்கு, மறந்துடாத."

"அந்தப் பொண்ணுக்கு என்ன சொல்றது, சித்தப்பா?"

"அதுக்குப் போன வாரமே உன் பேர்ல பதில் போட்டாச்சு. கை சுத்தமில்ல, இந்த வேலைக்கு நீ லாயக்கில்லன்னு. அவ ப்ரொபசருக்கும் ஒரு காப்பி."

காறித் துப்பலாம் போலிருந்தது. அந்த ஆளோடு ஒரே குடும்பத்தில் பிறந்ததே அருவருப்பாக இருந்தது. யாரையும் கேட்காமல் கட்டுரையைத் திரும்பப் பெறும்படி பத்திரிகைக்கு எழுதினாள். மாணவிக்கும், அவள் பேராசிரியருக்கும் உள்ளதை உள்ளபடி எழுதினாள்.

மாணவியின் பதில் ஒரு மணி நேரத்தில் வந்தது. "நன்றி அக்கா. என் எடத்துக்குத் திங்கக்கெழமையே வேற ஆள் வந்தாச்சு. அவருக்கும் இத அனுப்பிடுங்க, பாவம், அஞ்சாவது தடவையா விதைச்சிட்டிருக்காரு."