சித்தார்த் வைத்த ஒயர்

2004 ஏப்ரல் 15 அன்று காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் விசைப்படகுகள் நாற்பத்தைந்து நாள் தடைக்காகக் கரையில் கட்டப்பட்டன.

வெற்றி அந்தப் படகுகளில் ஒன்றுக்கு டிரைவர். நடுக்கடலில் என்ஜின் நின்றால் சத்தத்தை வைத்தே கோளாறைச் சொல்லிவிடுவான் என்று பெயர். தடைக் காலத்தில் வீட்டில் அடுப்பெரிவது கல்மண்டபத்தில் அவன் வைத்திருந்த வீடியோ கேம் கடையால். ஓர் அறை, ஒரு டிவி, ஒரு பிளே ஸ்டேஷன் பெட்டி. கடலுக்குப் போகாத பையன்கள் காலையிலேயே வந்து உட்கார்ந்துவிடுவார்கள். கடையைப் பார்த்துக்கொண்டது அவன் மனைவி ரேகா.

கடையில் இருந்த டிஸ்க்குகள் எல்லாம் காப்பி. அவற்றை ஓட்ட வேண்டுமென்றால் பெட்டிக்குள் தனியாக ஒரு சிப் வைக்க வேண்டும். அதை வைத்துக் கொடுத்தவன் வியாசர்பாடி சித்தார்த், வெற்றியோடு பள்ளியில் படித்தவன், டிவி மெக்கானிக். அவன் சிப் வைத்த அன்று ரேகா பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தாள். தலைமுடி மாதிரி ஒயர், கண்ணுக்கே தெரியவில்லை, அதை எப்படி ஊதி ஊதி ஒட்டினார் தெரியுமா என்று தெருவில் பலரிடம் சொன்னாள். வெற்றி அதை டீக்கடையில் இன்னொருவன் வாயால் கேட்டான்.

தடை தொடங்கிய மறுநாள் காலை பெட்டி எழவில்லை. முன்பக்கம் சிவப்பு விளக்கு எரிந்தது. பட்டனை அழுத்தினால் பச்சைக்கு மாற வேண்டும். மாறவில்லை.

"அவன் வெச்ச சிப்புதான் பூட்ச்சி" என்றான் வெற்றி. குரலில் வருத்தம் இல்லை. ஸ்க்ரூ டிரைவரை எடுத்துவந்தான்.

"யோவ், நீ கைய வெக்காத. சித்து வரட்டும். இது இன்னா உன் போட்டு என்ஜினா?" என்றாள் ரேகா.

காத்திருந்த பையன்களில் ஒருவன், சுக்கான் எந்தப் பக்கம் கீது பாருண்ணே என்றான். எல்லோரும் சிரித்தார்கள். ரேகாவும் சிரித்தாள். அவள் எதிரில் இருந்த எஸ்டிடி பூத்துக்குப் போய் சித்தார்த் கடைக்குப் போன் செய்தாள். நம்பரை எங்கும் பார்க்காமல் அழுத்தினாள் என்பதை வெற்றி வாசலில் நின்று கவனித்தான்.

சித்தார்த் வந்ததும் டீ வந்தது. பையன்களுக்கு வாங்கும் பிளாஸ்டிக் கப்பில் அல்ல, வீட்டிலிருந்து எடுத்துவந்த எவர்சில்வர் டம்ளரில். அதையும் வெற்றி கவனித்தான். சிப்தான் கெட்டிருக்க வேண்டும் என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டான்.

சித்தார்த்துக்கும் முதல் சந்தேகம் சிப் மேல்தான். அதற்குக் கரண்டு போகும் ஒயரை எடுத்துவிட்டுப் பட்டனை அழுத்தினான். அப்போதும் சிவப்பு. ஒயரைத் திரும்ப ஒட்டினான். பிறகு பட்டனை விட்டுவிட்டு, போர்டில் பட்டன் இணைப்பு வந்து சேரும் இடத்தை இடுக்கியால் தொட்டான். விளக்கு பச்சையானது.

"பெட்டி நல்லாதான் கீது. சிப்பும் நல்லா கீது. பட்டன்லேர்ந்து வர்ற பட்டைதான் கோளாறு."

காகிதம் போல் மெல்லிய அந்தப் பட்டையை உருவினான். நுனி முழுக்க கிரீஸ். அழுக்கு சேர்ந்து கறுத்துப் போயிருந்தது.

போன மாதம் ரேகா மார்க்கெட்டுக்குப் போயிருந்தபோது பெட்டியைத் திறந்து அதைத் தடவியவன் வெற்றி. படகில் பேட்டரி முனை ஒவ்வொன்றுக்கும் கிரீஸ் வைப்பார்கள். இல்லாவிட்டால் உப்புக்காற்று தின்றுவிடும். எந்த இணைப்பையும் வெறுமனே விட மாட்டான் படகுக்காரன். பெட்டி கெடாமல் காத்தது நான்தான் என்று ஒருநாள் அவளிடம் சொல்ல நினைத்திருந்தான். பேட்டரி முனையில் வெளியே நிற்கும் கிரீஸ், இந்தப் பட்டையில் இணைப்புக்கு நடுவிலேயே புகுந்து கரண்டைத் தடுத்துவிட்டது.

"இன்னாது அது, கறுப்பா?" என்று ரேகா எட்டிப் பார்த்தாள்.

சித்தார்த் ஒரு கணம் வெற்றியைப் பார்த்தான். "உப்புக்காத்து அண்ணி. கடலாண்ட கீற பெட்டிங்க எல்லாம் இப்டித்தான்."

ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்து, பட்டையைச் செருகி மூடினான். பட்டனை அழுத்தியதும் திரை வந்தது. பையன்கள் முண்டியடித்து உட்கார்ந்தார்கள். அவர் கை பட்டால் எழுந்துகொள்ளும் என்று நான் சொன்னேனா இல்லையா என்றாள் ரேகா. அதை இரண்டு முறை சொன்னாள்.

சித்தார்த் கிளம்பும்போது வெற்றியின் தோளில் கை போட்டு வெளியே கூட்டிப்போனான்.

"கிரீஸ் மேட்டரு அண்ணிக்குத் தெரிய வேணாம் மாமு. நான் சொல்ல மாட்டேன். ஆனா இனிமே அத்தத் தொறக்கறதுன்னா என்னாண்ட ஒரு வார்த்த கேட்டுட்டுத் தொற, இன்னா?"

வெற்றி தலையாட்டினான். தன் கடையில் தன் பெட்டியைத் திறக்க, தன் மனைவி முன்னால் தன்னைக் காப்பாற்றியவனிடம் கேட்க வேண்டும். அன்று முழுவதும் கடை நிரம்பி வழிந்தது. அவன் உள்ளே வரவில்லை.

மறுநாள் காலை ரேகா குடங்களோடு தண்ணீர் லாரிக்குப் போனாள். வெற்றி பெட்டியைத் திறந்தான். கட்டரால் அந்த மெல்லிய ஒயர்களை ஒவ்வொன்றாக வெட்டி, சிப்பை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். சிப் எதற்கு என்பது அவனுக்குத் தெரியாததல்ல. மூடிவிட்டுப் பட்டனை அழுத்தினான். பச்சை வந்தது. திரையும் வந்தது. இப்போது உள்ளே சித்தார்த்தின் ஒயர் ஒன்றுகூட இல்லை. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

பையன்கள் வந்ததும் ரேகா டிஸ்க்கைப் போட்டாள். சரியான டிஸ்க்கைப் போடச் சொல்லித் திரை சிவந்தது. வேறொன்றைப் போட்டாள். அதற்கும் அப்படியே.

"சித்துவக் கூப்டவா?"

"வேணாம். சிப்ப நான்தான் எட்த்துட்டேன்."

"இன்னாத்துக்கு?"

அவள் அவன் முகத்தையே பார்த்தாள். பிறகு டிஸ்க்குகளை உறையில் போட்டு அடுக்கினாள். மறுபடி கேட்கவில்லை.

பையன்கள் இரண்டு தெரு தள்ளியிருந்த வேறு கடைக்குப் போனார்கள். அடுத்த வாரம் டிவியை எடுத்துவிட்டு வெற்றியின் கடையில் கேரம் போர்டு போட்டார்கள். அதில் வந்தது போதவில்லை. ரேகா தன் அம்மாவோடு கருவாடு விற்கப் போனாள்.