நலங்குக்கு வந்த சேலை

ஈப்போவில் இறங்கி மூன்று நாளாகியும் மங்களம் தங்கச்சி வீட்டுக்குப் போகவில்லை. பயம்தான். வேறு காரணம் எதையும் அவள் தனக்குச் சொல்லிக்கொள்ளவில்லை.

விடுதி அறையின் தாழ்ப்பாள் பாதிதான் ஏறும். நாற்காலியைக் கதவுக்கு முட்டுக்கொடுத்துவிட்டுத்தான் படுத்தாள். நடைபாதையில் யாராவது இருமினால் எழுந்து உட்கார்ந்தாள். தெருவில் போலீஸ்காரனைக் கண்டால் கை தானாக இடுப்பில் செருகியிருந்த பாஸ்போர்ட்டைத் தொட்டுப் பார்த்தது. சாப்பாட்டுக் கடையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, தட்டில் இருந்ததைப் பாதி விழுங்கிவிட்டு வெளியே வந்தாள்.

இத்தனைக்கும் அவள் பிறந்தது அங்கிருந்து பன்னிரண்டு மைல் தள்ளி, செம்மோர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில். இருபத்தேழு வயது வரை அங்கேதான் பட்டை சீவிப் பால்மரம் வெட்டினாள். எழுபதாம் வருஷம் அப்பாவுக்கும் அவளுக்கும் வேலை பெர்மிட் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். குடியுரிமை எடுத்து வைக்கவேண்டும் என்று அவருக்கு முதலில் யாரும் சொல்லவில்லை. பிறகு சொன்னபோது அவர் கேட்கவில்லை. தங்கச்சி நல்லம்மாளின் புருஷனிடம் குடியுரிமைக்கான நீல அடையாள அட்டை இருந்தது. அவள் தங்கிவிட்டாள். இவர்கள் இரண்டு பேரும் கப்பலேறிப் புதுக்கோட்டைக்குப் போனார்கள். அப்பா மறு வருஷமே செத்தார். மங்களம் ஒரு தையல் கடையில் கொக்கி கட்டவும் விளிம்பு மடிக்கவும் உட்கார்ந்தாள். பதின்மூன்று வருஷம் உட்கார்ந்தாள்.

இப்போது எண்பத்து மூன்றாம் வருஷம். நல்லம்மாளின் மகள் பூங்காவனத்துக்குக் கல்யாணம். மங்களம் ஒரு மாத விசாவில் வந்திருக்கிறாள். பினாங்குத் துறைமுகத்தில் அதிகாரி, “முதல் தடவையா?” என்று கேட்டான். பிறந்த கதையைச் சொன்னால் என்ன ஆகுமோ என்று நினைத்து, ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.

அதே துறைமுகக் கூட்டத்தில்தான் பை போயிற்று. பூங்காவனத்துக்கென்று வாங்கிய பட்டுச்சேலை அதில் இருந்தது. பெண்ணுக்குப் பெரியம்மா என்றால் இன்னொரு அம்மா. கல்யாணத்துக்கு முன்னால் நலங்கு வைத்து மஞ்சள் பூசும்போது பெண் கட்டுவது பெரியம்மா எடுத்த சேலையைத்தான். அது அவர்கள் வழக்கம். வெறுங்கையோடு போய் நின்றால் நல்லம்மாள் ஒன்றும் சொல்லமாட்டாள். அவள் சம்பந்தி வீடு சொல்லும்.

பூங்காவனத்துக்கு இது இரண்டாவது சம்பந்தம். முதலில் நிச்சயித்த மாப்பிள்ளை, கல்யாணத்துக்கு ஒன்பது நாள் இருக்கும்போது தாப்பாவில் லாரி மோதிச் செத்தான். அதற்கப்புறம் மூன்று வருஷம் ஒருவரும் பெண் கேட்டு வரவில்லை. ‘ராசி இல்லாத பொண்ணுன்னு பேரு வச்சிட்டாளுங்க அக்கா’ என்று நல்லம்மாள் எழுதியிருந்தாள்.

மூன்று நாளும் மங்களம் நிம்மதியாக மூச்சுவிட்டது ஒரே இடத்தில். ஆற்றோரமாகக் காலையில் கூடுகிற பழைய சாமான் சந்தை. தரையில் சாக்கை விரித்து, ஓடாத கடிகாரம், மூடியில்லாத பிளாஸ்க், யாரோ போட்ட கால்சட்டை எல்லாம் குவித்திருப்பார்கள். ஓரத்தில் ஒரு சீனக் கிழவர் துணி மட்டும் விற்றார். மங்களம் அவர் சாக்கின் முன்னால் குந்தி ஒவ்வொன்றாக எடுத்து மடிப்பைப் பிரித்து, தையலைத் தடவி, திரும்ப மடித்து வைப்பாள். துணி விரலில் பட்டதும் நெஞ்சு படபடப்பது அடங்கும். கிழவர் விரட்டவில்லை. அவள் மடித்து வைப்பது அவருக்கு லாபம். “தெங்கோக், தெங்கோக், தா அப்பா,” என்றார். பார், பரவாயில்லை. பாதி மறந்துபோன மலாய் அவள் காதில் புரிந்தது. அந்த ஊரில் அவளிடம் ஒருவர் பயமுறுத்தாமல் பேசியது அப்போதுதான்.

மூன்றாம் நாள் குவியலின் அடியில் அந்தச் சேலை கிடைத்தது. அரக்கு நிறம், கடுகு மஞ்சள் கரை. கஞ்சி மொடமொடப்பு போகவில்லை. கொசுவம் வைத்த சுவடே இல்லை. கரையில் ஒரு சாண் நீளத்துக்கு ஓர் இழை விட்டுப்போயிருந்தது. நெசவில் விழுந்த குறை, அதனால்தான் இங்கே வந்திருக்கிறது என்று அவளுடைய தையல்கடை மூளை கணக்குப் போட்டது. மூக்கருகே கொண்டுபோனாள். பன்னீர் வாசம். கடையில் தெளிப்பார்கள் போல.

“பாரு. பெலும் பாக்காய்,” என்றார் கிழவர். புதுசு, யாரும் கட்டாதது.

எட்டு வெள்ளி விலை சொன்னார். பேரம் பேசாமல் வாங்கினாள். விடுதிக்கு வந்து மெத்தைக்கடியில் வைத்து அமுக்கி, தாளில் சுற்றி, அன்றைக்கே செம்மோர் பஸ்ஸைப் பிடித்தாள். கையில் அந்தப் பொட்டலம் இருந்ததால் கண்டக்டரிடம் கூடச் சத்தமாகப் பேசினாள்.

தோட்டம் இருந்தது, ரப்பர் இல்லை. மரங்களை வெட்டி, எண்ணெய்க்கான செம்பனை வைத்திருந்தார்கள். வரிசை வீடுகளான லயங்களில் பாதி காலி. நல்லம்மாள் வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தது.

“அக்கா!” நல்லம்மாள் கையில் தேங்காய்த் துருவலோடு ஓடிவந்து கட்டிக்கொண்டாள். “எப்ப இறங்குன? ஏன்லா இப்படி எலும்பா போயிட்ட? ஊருல சோறே போடலையா?”

“நல்லாத்தான் இருக்கேன்டி.”

“பேச்சப் பாரு, சுத்த ஊர்க்காரி மாதிரி!” தோட்டத்தில் ஊர் என்றால் இந்தியா.

பூங்காவனம் காலில் விழுந்தாள். ஒல்லியான பெண். சிரிப்பதற்கு முன்னால் சிரிக்கலாமா என்று அம்மா முகத்தைப் பார்த்தாள். மங்களத்துக்கு அது பிடிபட்டது. தானும் மூன்று நாளாக அப்படித்தான் இருந்தாள்.

பொட்டலத்தைப் பிரித்துத் தட்டில் வைத்ததும் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். சேலை கைக்குக் கை போயிற்று. பக்கத்து லயத்தில் இருக்கும் மாப்பிள்ளையின் அத்தை முத்தம்மா எல்லாருக்கும் கடைசியில் வாங்கித் தொட்டு, தேய்த்து, முகர்ந்து பார்த்தாள்.

“பன்னீரு வாசம் வருதே. ஊர்க்காரம்மா சேலையக் குளிப்பாட்டிக் கொண்டாந்தாங்களா?”

எல்லாரும் சிரித்தார்கள். மங்களமும் சிரித்தாள்.

“நாளைக்குக் காலையில நலங்குக்கு இதான்,” என்றாள் நல்லம்மாள். பூங்காவனம் முந்தானையை மட்டும் எடுத்துத் தோளில் போட்டுப் பார்த்தாள். அந்த நிறம் அவளுக்கு எடுப்பாக இருந்தது. இந்த முறை யார் முகத்தையும் பார்க்காமல் சிரித்தாள்.

பந்தலில் வாழைமரம் கட்டிக்கொண்டிருந்த ராமையா அப்போதுதான் கயிறு கேட்டு உள்ளே வந்தார். ஐம்பது வயசுக்காரர், அடுத்த லயம், மங்களம் போனபிறகு இந்தத் தோட்டத்துக்கு வந்தவர். பெண்ணின் தோளில் கிடந்த சேலையைப் பார்த்தார். கரையைப் பார்த்தார். கயிற்றை வாங்காமலே திரும்பிப் போனார்.

அவர் அப்படிப் போனது மங்களத்தின் கண்ணில் பட்டது. சற்றுப் பொறுத்துக் கை கழுவுகிறவள் போலப் பின்னால் போனாள். ராமையா குழாயடியில் முகத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டிருந்தார்.

“என்னண்ணே? ஏன் வந்துட்டீங்க?”

“ஒண்ணுமில்ல.”

“அண்ணே.”

அவர் முகத்தைத் துடைக்கவில்லை. “அந்தச் சேலைய எங்கம்மா வாங்குனீங்க?”

சொன்னாள். பொய் சொல்லத்தான் நினைத்தாள். வாய் உண்மையைச் சொல்லிவிட்டது.

“கரையில ஒரு சாணுக்கு இழை விட்டிருக்கா?”

மங்களத்துக்குக் குழாய்ச் சத்தம் மட்டும் கேட்டது.

“நான் எடுத்தது அது,” என்றார் ராமையா. “போன மாசம் ஈப்போவுல என் தங்கச்சி தவறிட்டா. பொறந்த வீட்டுக் கோடி நான்தானே போடணும். அவசரத்துல கடையில இதான் இருந்துச்சு. இழை விட்டிருக்குன்னு கடைக்காரன் காட்டித்தான் குடுத்தான். நான்தான் பிரிச்சு, கழுத்துலேர்ந்து கால்வரைக்கும் போர்த்தினேன். மேல பன்னீரு தெளிச்சாங்க. சுடுகாட்டுல தீ வைக்கிறதுக்கு முந்தி வெட்டியான் உருவிக்குவான். அது அவன் பங்கு. கொண்டுபோயி வித்துருக்கான்.”

கோடி மங்களத்துக்குத் தெரியாததல்ல. அவள் அம்மாவுக்கும் போட்டார்கள். ஊரில் அதை வெட்டியான் எடுத்துப்போய் அவன் வீட்டில் கட்டுவார்கள், அதோடு முடிந்தது. காசுக்கு விற்பான், சந்தைக்கு வரும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. கட்டாத சேலை, கஞ்சி போகாத சேலை, பன்னீர் மணக்கிற சேலை. மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு அவள் புத்தி நெசவுக்குறையில் போய் உட்கார்ந்திருந்தது.

“நீங்க யாருட்டயும்...”

“நான் வாயத் தொறக்கமாட்டேன்மா. என்னன்னு சொல்றது? அந்தப் பொண்ணு ஏற்கனவே ஒரு சாவப் பாத்துருச்சு. முத்தம்மா காதுல விழுந்துச்சுன்னா நாளைக்குப் பந்தலைப் பிரிச்சிருவாங்க.” ராமையா குழாயை மூடினார். “நீங்களே ஏதாச்சும் பாத்துக்குங்க.”

அவர் போய்விட்டார். மங்களம் அங்கேயே நின்றாள். மூன்று நாளாக அவள் பயந்தது எல்லாம் அவளுக்கு என்ன ஆகுமோ என்ற பயம். இது வேறு. பிணத்தின்மேல் கிடந்ததைப் போர்த்திக்கொண்டு ஒரு பெண் மணையில் உட்காரப்போகிறாள். அதைச் செய்தது இவள் கை.

நல்லம்மாளிடம் தனியாகச் சொல்லலாம். சொன்னால் நல்லம்மாள் அந்த இடத்திலேயே வாய்விட்டு அழுவாள். சின்ன வயசிலிருந்தே அவளுக்கு அடக்கி அழத் தெரியாது. வீடு முழுக்க ஆட்கள். விளக்கெண்ணெயைக் கொட்டிச் சேலையைக் கறையாக்கலாம். எண்ணெய் கொட்டினால் அபசகுனம். அடுப்பில் தீப்பட்டதென்றால் அதைவிட மோசம். எது செய்தாலும் கடைசியில் அந்தப் பெண்ணின் ராசியில்தான் வந்து நிற்கும். சேலை காணாமல் போனால் மட்டும் நிற்காது. அது திருட்டு. திருட்டுக்கு ராசி கிடையாது, ஆள்தான் உண்டு.

சாயங்காலம் எல்லாரும் பின்கட்டில் பலகாரம் சுட்டுக்கொண்டிருந்தார்கள். மங்களம் உள்ளறைக்குப் போனாள். தட்டில் சேலை இருந்தது, மேலே வெற்றிலை பாக்கு. வெற்றிலையை எடுத்துத் தட்டில் தனியாக வைத்தாள். சேலையைத் தன் பைக்குள் திணித்தாள். பையின் வாயை இழுத்துக் கட்டுவதற்கு மூன்று முறை முடிச்சு போட வேண்டியிருந்தது. மூன்றாவது முடிச்சில் நிமிர்ந்தபோது வாசலில் முத்தம்மா நின்றாள்.

“என்னத்தக் கட்டுறீங்க ஊர்க்காரம்மா?”

மங்களம் பையை முதுகுக்குப் பின்னால் நகர்த்தினாள். முத்தம்மா தட்டைப் பார்த்தாள்.

“அடியே நல்லம்மா! இங்க வா! வந்து உங்கக்காவப் பாரு!”

பத்துப் பதினைந்து பேர் வந்துவிட்டார்கள். நல்லம்மாள் கரண்டியோடு வந்தாள். எண்ணெய் தரையில் சொட்டியது. முத்தம்மா பையைப் பிடுங்கி முடிச்சை அவிழ்த்துக் காட்டினாள்.

“குடுத்ததத் திருப்பி எடுக்குறதப் பாத்திருக்கியா? நான் பாத்துட்டேன். என்ன, ஊருக்குக் கொண்டுபோயி வேற எவளுக்காச்சும் குடுக்கவா?”

“அக்கா,” என்றாள் நல்லம்மாள். “என்னாக்கா இது?”

கூட்டத்தின் பின்னால், வாசற்படிக்கு அந்தப்பக்கம், ராமையாவின் தலை தெரிந்தது. மங்களம் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. ஒரு வார்த்தை போதும். அந்த ஒரு வார்த்தைக்கு இவள் நல்லவளாகிவிடுவாள். பூங்காவனம் அம்மாவின் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள்.

“நல்லாருந்துச்சு,” என்றாள் மங்களம். “குடுத்தப்புறம் மனசு கேக்கல. நானே வச்சுக்கலாம்னு எடுத்தேன்.”

“சீ,” என்று யாரோ சொன்னார்கள்.

“அந்தச் சேலைய அவ மூஞ்சியில விட்டெறி,” என்றாள் முத்தம்மா. “கண்ணு வச்சுக் குடுத்தது நம்ம பொண்ணுக்கு வேணாம். நலங்குக்கு நான் எடுத்துத் தாரேன் சேலை. என்கிட்ட இருக்கு, பொட்டி பிரிக்காதது.”

மங்களத்துக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. வந்த வேகத்தில் உட்கார்ந்துவிடுவோமோ என்று பயந்து சுவரைப் பிடித்தாள்.

நல்லம்மாள் கரண்டியைக் கீழே வைத்தாள். “பதிமூணு வருசம்,” என்றாள். “பதிமூணு வருசம் எங்கக்கா எங்கக்கான்னு இந்த ஆளுங்ககிட்ட சொல்லிக்கிட்டு இருந்தேன்.” முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். “கடைசி பஸ்ஸு இருக்கு. போ.”

மங்களம் சேலையைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினாள். யாரும் கூட வரவில்லை.

செம்பனைக்கு நடுவே செம்மண் சாலை பெரிய ரோடு வரைக்கும் ஒரு மைல். பாதி வழியில் பின்னால் சைக்கிள் சத்தம் கேட்டது. ராமையா இறங்கி, அவளோடு கொஞ்ச தூரம் தள்ளிக்கொண்டே நடந்தார்.

“நான் சொல்லிருக்கணும்,” என்றார்.

“சொல்லலையே. நல்லது.”

“உங்கள அப்படிப் பேச விட்டுட்டு நின்னுட்டேன்மா. என் தங்கச்சி சேலைக்காக.” அவர் சைக்கிளை நிறுத்தினார். “ஞாயித்துக்கிழமை தாலி கட்டட்டும். அதுக்கப்புறம் நல்லம்மாகிட்ட நான் போயி சொல்லிடுறேன். ஒரு கடுதாசியாச்சும் போடுவா.”

“வேணாம்ண்ணே.”

“ஏன்?”

“கல்யாணமாயி நாளைக்கே ஒரு புள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலும் நல்லம்மாளுக்கு இந்தச் சேலைதான் ஞாபகம் வரும். தோள்ல போட்டுப் பாத்தாளே, தோள்ல போட்டுப் பாத்தாளேன்னு சாகுறவரைக்கும் பயந்துகிட்டே இருப்பா. அவ பயந்தா அந்தப் பொண்ணும் பயப்படும்.”

ராமையா பையைப் பார்த்தார். “அதையாச்சும் குடுங்க. எரிச்சிடுறேன்.”

பையிலிருந்து சேலையை எடுத்துக் கொடுத்தாள். அவர் அதை சைக்கிளின் பின்பலகையில் வைத்துக் கயிற்றால் கட்டினார். அரக்கு நிறம் மாலை வெளிச்சத்தில் கறுப்பாகத் தெரிந்தது. வண்டியைத் தோட்டத்துப் பக்கம் திருப்பினார்.

“அண்ணே, சத்தியமா சொல்லமாட்டீங்கல்ல?”

அவர் ஏறி உட்கார்ந்து மிதித்தார். பதில் வரவில்லை. காதில் விழவில்லையா, விழுந்தும் சொல்லவில்லையா என்று அவளுக்குத் தெரியவில்லை. அவர் சொல்லிவிடுவாரோ என்று நெஞ்சு அடித்தது. அடித்த நெஞ்சில் ஒரு ஓரம் சொல்லட்டுமே என்று கிடந்ததையும் அவள் பார்த்தாள். அதைப் பார்த்ததும் இன்னும் பயம் வந்தது. சைக்கிள் லயம் இருந்த திருப்பத்தில் மறையும்வரை அங்கேயே நின்றாள். பெரிய ரோட்டில் பஸ் ஹாரன் கேட்டது. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ஓடினாள்.