மரத்தடியில் ஒரு கை

பிளான் வரைந்தவர் வாயைத் திறக்கக் கூடாது. பூங்கா வடிவமைக்கச் சொல்லித்தரும் என் ஸ்டுடியோ வகுப்பில் அது ஒன்றுதான் சட்டம். மற்றவர்கள் பிளானை நன்றாகப் பார்த்துவிட்டு, கண்ணை மூடி உட்கார்ந்து, அதில் இருக்கும் பூங்காவுக்குள் நடப்பதாக நினைத்துக்கொண்டு, தோன்றுவதை எல்லாம் சொல்ல வேண்டும். எத்தனை முறை பிளானைப் பார்த்தாலும் தெரியாத கோளாறு இதில் தெரிந்துவிடும். மும்பை செம்பூரில் எங்கள் கல்லூரியில் இதற்காக என்னைக் கிண்டல் செய்யாத ஆள் இல்லை. செய்துவிட்டுப் போகட்டும்.

அன்று சஃப்ரீனின் முறை. தாராவிப் பெண், அதிகம் பேசமாட்டாள். வீட்டுக்குப் பக்கத்தில் நாலா என்கிற சாக்கடைக் கால்வாயை ஒட்டிக் கிடக்கும் காலி இடத்தைப் பூங்காவாக வரைந்திருந்தாள். வளைந்து போகும் பாதை, அதன் முடிவில் ஒரு புங்க மரம். குறை சொல்ல எனக்கே ஒன்றும் அகப்படவில்லை.

முதலில் நகுல் கண்ணை மூடி நடந்தான். மரத்தருகே வந்ததும் பேச்சு நின்றது. யாரோ மணிக்கட்டைப் பிடித்துப் பின்னால் இழுக்கிறார்கள், கை ஜில்லென்று இருக்கிறது என்றான். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. வகுப்பில் என்ன விளையாட்டு என்று அவனை வெளியே அனுப்பினேன்.

கல்யாண் ரயில் தாமதமாகி அப்போதுதான் உள்ளே வந்த சாதனாவிடம் பிளானைக் காட்டி உட்கார வைத்தேன். நகுல் சொன்னது அவள் காதில் விழுந்திருக்க வழியே இல்லை. அவளும் மரத்தடியில் நின்றுவிட்டாள். வளையல் போட்ட ஈரக் கை என்று சொல்லி மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

சஃப்ரீன் சட்டத்தை மீறினாள்.

"அது எங்க உம்மா, மேடம். போன வருச மழையில அந்த எடத்துலதான் மூடி இல்லாத சாக்கட கட்டர்ல விழுந்தா. ஒடம்பு கெடைக்கவே இல்ல. இனிமே யாரும் அங்க கால வச்சிரக் கூடாதுன்னுதான் மரத்த வச்சேன்."

தானும் ஒருமுறை நடக்கட்டுமா என்று கேட்டாள். வரைந்தவளே நடக்கும் வழக்கம் கிடையாது. ஆனாலும் மாட்டேன் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கண்ணை மூடினாள். வாசல் என்றாள், பாதை என்றாள், மரம் வந்தாச்சு என்றாள். பிறகு கையை நீட்டிக்கொண்டு காத்திருந்தாள்.

"எல்லாரையும் புடிச்சா. என்னைய மட்டும் புடிக்க வரல. இன்னும் கொஞ்சம் உள்ள போயிப் பாக்கேன்."

கொஞ்ச நேரம் கழித்து, கால் நனைகிறது என்றாள். குனிந்து பார்த்தேன். அவள் சல்வார் நுனியிலிருந்து தரையில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

பாய்ந்து போய் அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். அவள் கண்ணைத் திறக்கவில்லை.

"சூடா இருக்கு. இது ஒங்க கை, மேடம்," என்றாள். "விடுங்க."