பல் டாக்டர் வாங்கிய தண்டவாளம்

மருந்துக் கடைக்கு மேல்மாடியில் பல் டாக்டர் கிளினிக் திறந்து நாலு மாதம் ஆகியிருந்தது. நல்ல கைராசிக்காரி. ஊசி போட்டால் போட்டதே தெரியாது. ஆனால் பல் குடையும் மெஷினுக்கு அந்த நயம் எல்லாம் தெரியாதே! அது உள்ளே 'கீய்ங்' என்று ஒரு பாட்டம் கத்தும். வெளியே காத்திருக்கும் பிள்ளைகள் அதற்கு மேலே கத்துவார்கள்.

வாசல் மேஜையில் உட்கார்ந்து பெயர் எழுதிக்கொள்பவள் டாக்டரின் நாத்தனார். கல்லூரி முடித்த கையோடு வந்து சேர்ந்தவள். வாய்க்குப் பூட்டு கிடையாது.

"அண்ணி, நேத்து ஒருத்தர் வந்தாரே, ஆறடி மனுஷன், முறுக்கு மீசை. உள்ள மெஷின் சத்தம் கேட்டதும் 'வண்டிய நிழல்ல விட்டுட்டு வரேன்'னு எழுந்து போனாரு. இன்னும் நிழல் கிடைக்கல போல."

டாக்டருக்குச் சிரிப்பும் வந்தது, வயிற்றெரிச்சலும் வந்தது. பிள்ளைகள் பயத்தை மறக்க ஏதாவது செய்தாக வேண்டும். டிவி வைத்துப் பார்த்தாயிற்று. மீன் தொட்டியும் வைத்தாயிற்று, மீன்கள்தான் பயந்தன. ஒருநாள் குளித்துக்கொண்டிருக்கும்போது சட்டென்று தோன்றியது: அறையைச் சுற்றி ஒரு பொம்மை ரயில் ஓடினால்?

சனிக்கிழமை மத்தியானம் இருவரும் பொம்மை ரயில் சாமான் கடைக்குப் போனார்கள். கண்ணாடியைக் கழுத்தில் தொங்கவிட்டிருந்த கடைக்காரர், முதலில் வெறும் தண்டவாளத்தை எடுத்து வைத்தார். கம்பியும் குறுக்குக் கட்டையும் மட்டும்தான்.

"இதுக்குக் கீழ தக்கை ஒட்டி, மேல பொடி ஜல்லி தூவி, பசை ஊத்திக் காய வைக்கணும். முடிச்சுட்டா நிஜ ரயில்பாதை தோத்துடும். ஆனா ஒட்டினா ஒட்டினதுதான்."

"நாங்க தினம் ரெண்டு வேளை மருந்து போட்டுத் தரை துடைக்கணுமே," என்றாள் டாக்டர்.

"அப்ப இது ஆகாது." அவர் வேறொரு பெட்டியைத் திறந்தார். இதில் கம்பி, கட்டை, அடியிலிருக்கும் ஜல்லி மேடு எல்லாம் ஒரே துண்டாக வார்க்கப்பட்டிருந்தன. முனையில் சின்னக் கொக்கி. இரண்டு துண்டுகளைச் சேர்த்து அழுத்தினார். 'டக்.' "தரையிலேயே போடலாம். வேலை முடிஞ்சதும் பிரிச்சு அடுக்கிடலாம்."

நாத்தனார் வாங்கி, மாட்டினாள், கழற்றினாள், மறுபடி மாட்டினாள். "அட, பிரஸ் பட்டன் போடற மாதிரி இருக்கு!"

"இதுலயே ரெண்டு வகை. இதுக்கு அடியில நுரை ரப்பர், சத்தமே வராது. அது உள்ள காலி, வெறும் பிளாஸ்டிக். ஓடினா தகர டப்பாவுல கல்லைப் போட்டுக் குலுக்கின மாதிரி இருக்கும். அதனால அதை யாரும் கேக்கறதில்ல."

"ஐயோ, இருக்கற சத்தமே போதும். நுரை வச்சதே குடுங்க."

"ரயில்னா சத்தம் போடணும் அண்ணி."

"அதுக்குத்தான் நீ இருக்கியே."

கடைக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். "பிடிக்கலன்னா ஒரு வாரத்துக்குள்ள மாத்திக்கலாம்," என்று சொல்லி அனுப்பினார்.

திங்கட்கிழமை காலை நாற்காலிகளுக்கு அடியில் புகுந்து வெளிவரும்படி பாதை போட்டார்கள். பச்சை எஞ்சின் நாலு பெட்டிகளை இழுத்துக்கொண்டு பூனை நடை நடந்தது. பிள்ளைகள் குப்புறப் படுத்துக்கொண்டு பார்த்தார்கள். பத்து நிமிஷம்தான். உள்ளே 'கீய்ங்' என்றதும் எல்லாத் தலையும் நிமிர்ந்தது. ஐந்து வயதுப் பெண் ஒருத்தி நாற்காலிக் காலைக் கட்டிக்கொண்டாள். அம்மா அவளை இழுக்க, நாற்காலியும் கூடவே வாசல்வரை போனது. ரயில் மட்டும் பார்க்க ஆளில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது.

டாக்டர் முகம் தொங்கிப்போனது. உணவு இடைவேளையில் நாத்தனார் தண்டவாளத்தை எல்லாம் கழற்றிப் பெட்டியில் போட்டுக்கொண்டு எங்கோ போய்வந்தாள்.

மாலையில் ஒரு கிழவரின் கடைவாய்ப் பல்லைப் பார்த்துக்கொண்டிருந்த டாக்டர், 'கடகட கடகட' என்ற ஓசை கேட்டுத் திடுக்கிட்டு, கையுறையோடு வெளியே ஓடி வந்தாள். சீலிங் ஃபேன்தான் கழன்றுவிட்டது என்று நினைத்தாள். தரையில் மண்டி போட்டிருந்தாள் நாத்தனார். கடையில் மாற்றிக்கொண்டு வந்த, உள்ளே காலியான பிளாஸ்டிக் பாதையின் மேல் ரயில் மாடியே அதிர ஓடியது. சுற்றிலும் பிள்ளைகள் கைதட்டிக் குதித்தார்கள்.

"என்ன பண்ணி வச்சிருக்க நீ?"

"உள்ள போய் மெஷினைப் போடுங்க அண்ணி. அப்புறம் திட்டுங்க."

போட்டாள். கதவிடுக்கு வழியாக எட்டிப் பார்த்தாள். ஒரு தலைகூட நிமிரவில்லை. மெஷினின் கூச்சல் கடகடப்புக்குள் போன இடம் தெரியவில்லை. நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு கிடந்த கிழவர்கூட, "பாலத்து மேல போற மாதிரியே இருக்கு," என்று குழறினார்.

மறுநாள் அந்த ஐந்து வயதுக்காரி வந்தாள். இரண்டு மணி நேரம் முன்னதாகவே வந்துவிட்டாள். அவள் பெயரைக் கூப்பிட்டபோது, "இன்னும் ஒரு சுத்து," என்று கெஞ்சி, பிறகு தானே உள்ளே வந்து ஏறிப் படுத்தாள். காது மட்டும் வெளியே இருந்தது. பல் அடைத்து முடித்ததும், "அவ்வளவுதானா?" என்று ஏமாற்றத்தோடு கேட்டாள்.

டாக்டர் அன்று நாத்தனாரைக் கட்டிக்கொண்டு கன்னத்தில் முத்தம் கொடுத்தாள். "திட்டுதான் பாக்கி," என்றாள் நாத்தனார்.

அடுத்த ஞாயிறு, விடுமுறைதானே என்று, இருவரும் இன்னும் இரண்டு பெட்டித் தண்டவாளம் வாங்கிவந்து பாதையைப் பல் பார்க்கும் அறைக்குள்ளும் நீட்ட ஆரம்பித்தார்கள். சாப்பிடக் கூப்பிட வந்தான் டாக்டரின் கணவன். அவன் கணக்கு வாத்தியார். மனைவியும் தங்கையும் தரையில் படுத்துக் கிடப்பதைப் பார்த்து நின்றான்.

"பசிக்கலையா உங்களுக்கு?"

"இரு, ஒரு வளைவு இடிக்குது," என்றாள் தங்கை.

அவன் ஷூவைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தான். சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, காகிதத்தில் வட்டம் போட்டு, கோணம் பிரித்து, மும்முரமாகக் கணக்குப் போட்டான். விடை வருவதற்குள் தங்கை ஒரு துண்டைத் திருப்பிப் போட்டு அழுத்தினாள்.

'டக்.'

"போண்ணா, வண்டிய விடு," என்றாள்.