பட்டனுக்கு விரித்த பக்கங்கள்

1.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை ஓர் ஈரக் காலுறையில் பிறந்தது. காலுறை என் அத்தானுடையது. ஈரம் பட்டன் என்கிற நாய்க்குட்டியுடையது. கோபம் என் அக்காவுடையது. என்னுடையது என்று இதில் எதுவும் இல்லை. சென்ற ஞாயிற்றுக்கிழமை சாப்பிடப் போன வீட்டில் இந்த மூன்றையும் கேள்விப்பட்டேன், எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நான் எழுதிய முதல் தொடக்கம் இது:

"அந்த வீட்டுக்குள் ஒரு குட்டித் தேவதை நுழைந்தபோது, எல்லோர் முகத்திலும் —"

அடித்துவிட்டேன். எல்லோர் முகத்திலும் என்ன இருந்தது என்று நான் கண்டேனா? அப்போது நான் அங்கே இல்லை. நான் சாப்பிடப் போன அன்றும், அக்கா குனிந்து தரையைத் துடைத்துக்கொண்டிருந்ததால் அவள் முகம்கூட எனக்குச் சரியாகத் தெரியவில்லை.

இரண்டாவது:

"அத்தான் ஒரு வெள்ளந்தி மனிதர். ஆசை ஆசையாக ஒரு நாய்க்குட்டியை —"

இது நான்கு பக்கம் ஓடியது. வெட்கமில்லாமல் ஓடியது. அந்த நான்கு பக்கத்தையும் அக்காவிடமே படிக்கக் கொடுத்தேன்.

2.

அக்கா தையற்காரி. வீட்டின் முன்னறைதான் அவள் கடை. மெஷின் ஜன்னலோரம், துணி வெட்டுவது தரையில். உதட்டில் நான்கைந்து குண்டூசிகளைக் கவ்விக்கொண்டே படித்தாள். பக்கம் முடிய முடிய ஓர் ஊசியை எடுத்துப் பஞ்சுப் பொதியில் குத்தினாள். கடைசி ஊசியைக் குத்திய பிறகுதான் வாய் திறந்தாள்.

"யாருடா இந்தப் பொம்பளை?"

"எந்தப் பொம்பளை?"

"கதை முழுக்கக் கத்திக்கிட்டே இருக்காளே, அவ."

"அது... ஒரு கதாபாத்திரம்க்கா."

"அவரு சிரிக்கறாரு. நாய் கொஞ்சுது. இவ மட்டும் கத்தறா. எதுக்குக் கத்தறான்னு ஒரு வரி இருக்கா? துடைக்கிற துணியைப் பத்தி ஒரு வரி? சாப்பிட வந்தோமா போனோமான்னு இல்லாம கதையை வேற எடுத்துட்டுப் போற. அதையாவது ஒழுங்கா எடுத்துட்டுப் போகக் கூடாதா?"

நியாயம். ஆகவே இனி வருவதெல்லாம் அக்காவின் பக்கத்தில் நின்று பார்த்தது. வாசகரே, 'வெள்ளந்தி மனிதர்' என்ற சொல்லைப் பார்த்து அத்தான்மேல் உங்களுக்குப் பிரியம் எதுவும் விழுந்திருந்தால், அதை வாசலிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

3.

அத்தான் கார் ஓட்டக் கற்றுத்தரும் பள்ளியில் பயிற்றுநர். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, தன் காலடியிலும் ஒரு பிரேக்கை வைத்துக்கொண்டு, ஊரையே பழக்குகிறவர். குட்டியைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வந்து நின்ற அன்று அவர் சொன்னார்:

"நீ ஒண்ணும் பண்ண வேணாம். எல்லாம் நான் பார்த்துக்கறேன். கிளட்ச் எது, பிரேக் எதுன்னு தெரியாதவங்களையே பழக்கி விட்டவன் நான். இது என்ன, ஒரு கையளவு நாய்!"

அக்கா இரண்டு விஷயம் சொன்னாள். ஒன்று, வேண்டாம். இரண்டு, இதன் மூக்கு கோட்டுப் பட்டன் மாதிரி இருக்கிறது. முதலாவது காற்றோடு போயிற்று. இரண்டாவது பெயராக ஒட்டிக்கொண்டது.

அத்தானின் பயிற்சி முறை இது: கூடத்தில் பழைய செய்தித்தாளை விரித்து "இங்கதான் போகணும்" என்று குட்டியிடம் அறிவிப்பார். வேறு எங்காவது போனால் அதன் மூக்கை அந்த ஈரத்திலேயே அழுத்தி அதட்டுவார். பிறகு வேலைக்குப் போய்விடுவார். பட்டன் அதிலிருந்து ஒரே பாடம்தான் கற்றது: மனிதர் கண்ணில் படாமல் போக வேண்டும். சோபாவுக்குப் பின்னால் போனது. திரைச்சீலைக்குப் பின்னால் போனது. மெஷினின் மிதிபலகைக்கு அடியில் போனது.

[நாயைக் குளிப்பாட்டி நடுவீட்டில் வைத்தாலும் அது வெளியே ஓடிவிடும் என்று ஒரு பழமொழி உண்டு. அதைச் சொன்னவருக்கு என்ன கொழுப்பு! அவர் வீட்டு நாய் தானாக வெளியே போயிருக்கிறது, அதையும் ஒரு குறையாகச் சொல்லியிருக்கிறார். என் அக்கா அந்த ஒன்றுக்காகத்தான் தவம் கிடந்தாள்.]

அக்கா அதட்டவில்லை. குட்டி தூங்கி எழுந்ததும், சாப்பிட்டு முடித்ததும், தூக்கிக்கொண்டு போய்த் தாளின்மேல் விட்டாள். விளையாட்டின் நடுவில் அது தரையை முகர்ந்து வட்டம் போட ஆரம்பித்தால் தையலைப் பாதியில் விட்டு ஓடினாள். தாளில் போனால், "என் தங்கம்!" தவறினால் ஒரு சொல் கிடையாது, வினிகர் கலந்த தண்ணீரால் வாடை போகத் துடைப்பாள். வாடை மிஞ்சினால் குட்டி அதே இடத்துக்குத் திரும்பி வரும். தாளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குளியலறைப் பக்கம் நகர்த்திக்கொண்டே போனாள். ஓடுகிற மெஷினை நிறுத்தி நிறுத்தி எழுவது என்றால் என்னவென்று தைக்கிறவர்களுக்குத் தெரியும். மற்றவர்கள், பேசிக்கொண்டிருக்கும்போதெல்லாம் யாராவது வந்து உங்கள் வாயைப் பொத்துவதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

குட்டி பழகிவிட்டது.

அத்தான் பள்ளியில் எல்லோரிடமும் சொன்னார்: "நம்மகிட்ட வந்துட்டா கார் என்ன, நாய் என்ன!" (எனக்கு இதைச் சொன்னவரும் அவரேதான். முதல் பிரதியில் இதை நான் நகைச்சுவை என்று நினைத்துச் சேர்த்திருந்தேன்.)

4.

இங்கே ஒரு தொழில் விஷயத்தைச் சொல்ல வேண்டும். அக்கா துணியில் நேராகக் கத்தரி வைக்க மாட்டாள். அளவுகளைப் பழைய செய்தித்தாளில் வரைந்து வெட்டி, அந்தத் துண்டுகளைத் துணிமேல் பரப்பி, குண்டூசி குத்தி, அவற்றின் ஓரமாகவே வெட்டுவாள். வீட்டில் இருப்பது ஒரே செய்தித்தாள் கட்டு. பாதி அவளுக்கு, பாதி பட்டனுக்கு.

[கவனமான வாசகர் இங்கேயே ஊகித்துவிடுவார். அக்கா ஊகிக்கவில்லை. உட்கார்ந்து யோசிக்க அவளை யார் விட்டார்கள்?]

ஒரு பல் டாக்டரம்மா தைக்கக் கொடுத்திருந்த தந்தநிற சாட்டின் துணி அது. அதைத் தரை நிறைய விரித்து, முன்பாகம், பின்பாகம், கை என்று செய்தித்தாள் துண்டுகளைப் பரப்பிவிட்டு, குண்டூசி டப்பாவை எடுக்கத் திரும்பினாள். பட்டன் தூங்கி எழுந்து வந்தது. வட்டம் போட்டது. பின்பாகத்தின் நட்டநடுவில் போய்க் குந்தியது. ஒரு சொட்டுகூடத் தாளைவிட்டு வெளியே போகாமல் முடித்தது. தாளுக்குக் கீழே சாட்டின் இருந்ததும், சாட்டின் வழுக்கி ஈரத்தைத் தரைக்கு விட்டதும் அதன் குற்றமா? முடித்துவிட்டு அக்காவிடம் ஓடிவந்து, வாலை ஆட்டிக்கொண்டு அண்ணாந்து பார்த்தது. 'என் தங்கம்' இன்னும் வரவில்லையே!

"அக்கா வீடே அதிரக் கத்தினாள் —" என்று முதல் பிரதியில் எழுதியிருந்தேன். இப்போது அவளிடமே கேட்டேன்.

"எங்கடா கத்தினேன்? அது சரியாத்தானே பண்ணுச்சு? 'என் தங்கம்'னு தடவிக் குடுத்துட்டு, அப்புறம் திரும்பி உக்காந்து அழுதேன்."

அந்த நேரம் பார்த்து அத்தான் வேலையிலிருந்து வந்தார். காலுறையோடு உள்ளே வந்தார்.

"ச்சே! இதை யாரும் பார்க்கலையா?"

யாரும். வாசகரே, இந்தச் சொல்லை இப்படியே போகவிட எனக்கு மனம் வரவில்லை. அந்த வீட்டில் இருப்பது அவரும் அக்காவும்தான். கேட்டவரைக் கழித்துவிட்டால் மிச்சம் எத்தனை 'யாரும்' இருக்கிறார்கள்? நேராக 'நீ பார்க்கலையா' என்றால், 'நீங்க பார்த்தீங்களா' என்று திருப்பிக் கேட்கலாம். 'யாரும்' என்றால் எதைத் திருப்புவது? யாரிடம் திருப்புவது?

"நல்லாப் பழகின குட்டியைக் கெடுத்து வெச்சிருக்கே. பேப்பரை நீதானே போட்டே?"

பழகியபோது அவர் பழக்கியது. தவறியபோது இவள் கெடுத்தது.

"நம்ம வீட்டுக்கு நாய் சரிப்படாது. என் கூட்டாளி ஒருத்தன் தோட்டத்தோட வீடு வெச்சிருக்கான். அடுத்த வாரம் ஞாயித்துக்கிழமை வந்து எடுத்துக்கச் சொல்லிடறேன்."

"கொண்டு வர்றப்பவும் என்னைக் கேக்கல. குடுக்கறப்பவும் கேக்க மாட்டீங்களா?"

"உன் நல்லதுக்குத்தான் சொல்றேன். நீதானே அன்னைக்கு வேணாம்னே?"

"அன்னைக்கு அது உங்க நாய். இன்னைக்கு என் நாய். கழுவினவ நான்."

5.

முடிவுகள். எழுதியவுடன் ஒவ்வொன்றாக அக்காவிடம் படித்துக் காட்டினேன்.

(அ) கூட்டாளி வந்து பட்டனை எடுத்துப் போகிறார். வீடு காய்கிறது. அக்கா நிம்மதியாக —

"நிம்மதியா? கத்தரி கீழ விழுந்தாக்கூட என்னன்னு ஓடிவர்ற ஒரே ஜீவன் அதுதான்."

(ஆ) அத்தான் தன் தவற்றை உணர்ந்து, கண்கள் கலங்க —

"கண்ணெல்லாம் கலங்க வேணாம். துணியைப் பிழிஞ்சாப் போதும்."

(இ) அலசிய பிறகும் போகாத மங்கலான கறையை அக்கா உள்மடிப்புக்குள் தள்ளி வெட்டிவிட, டாக்டரம்மா அந்த உடையை —

"அதை மட்டும் வெளிய எழுதினே, உன் கையை உடைப்பேன்."

[எழுதவில்லை.]

கடைசியில் வழி சொன்னவளும் அவள்தான். செய்தித்தாள் அவளுக்குத் தொழிலுக்கு வேண்டும், விட்டுக்கொடுக்க முடியாது. ஆகவே பட்டனை வேறு தாளுக்கு மாற்றிப் பழக்க வேண்டும். பெரிய எழுத்துத் தலைப்பு, படம் எதுவும் இல்லாத வெள்ளைத்தாளுக்கு.

"உன்கிட்டதான் நிறைய இருக்கே," என்று என் நான்கு பக்கங்களையும் மூன்று முடிவுகளையும் பிடுங்கி, அத்தான் கையில் கொடுத்தாள். "இந்த வாட்டி நீங்க பழக்குங்க. விரிக்கறது, பக்கத்துல நிக்கறது, துடைக்கறது, எல்லாம் நீங்க. ஒரு தடவை பண்ணிட்டு, அப்புறமா சரிப்படாதுன்னு உங்க கூட்டாளிகிட்டச் சொல்லுங்க. அது வரைக்கும் அவரு என் நாயைத் தொடக் கூடாது."

6.

இன்று ஞாயிற்றுக்கிழமை. இதை நான் அந்த முன்னறையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அத்தான் குளியலறை வாசலில் ஒரு முழங்காலை ஊன்றி என் பக்கங்களை விரிக்கிறார். மேலே இருக்கும் பக்கத்தில் அவர் கண் நிற்கிறது.

"டேய் மாப்ளே, 'வெள்ளந்தி மனிதர்'னு எழுதியிருக்கே. நல்லாத்தானே இருக்கு? இதை எதுக்கு —"

"விரிங்க," என்கிறாள் அக்கா. தலை நிமிரவில்லை. கத்தரி சாட்டினின் நடுவில் இருக்கிறது.

விரிக்கிறார். பட்டன் எழுந்து வருகிறது. தாளை முகர்கிறது. வெள்ளைத்தாள் புதிது, நம்பிக்கை இல்லாமல் அத்தானைப் பார்க்கிறது. அத்தான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். ஒரு கால் தரையை அழுத்துகிறது, அங்கே பிரேக் இருப்பதுபோல. பட்டன் வட்டம் போடத் தொடங்குகிறது.

அழைப்புமணி அடிக்கிறது.

"யாரும் அசையாதீங்க!" என்று கிசுகிசுக்கிறார் அத்தான்.

அவர் எழுந்தால் பட்டன் பின்னாலேயே ஓடிவரும், பாடம் பாழ். அக்கா எழுந்தால் துணி பாழ். நான் இந்த வரியில் இருக்கிறேன். மணி மறுபடி அடிக்கிறது. ஆகவே கதவு உங்களுடையது, வாசகரே. வெளியே நிற்கும் கூட்டாளி கெட்டவர் இல்லை, கையில் ஒரு கூடையோடு வந்திருக்கிறார். அவரிடம் நீங்கள் என்ன சொல்கிறீர்களோ, அதுதான் இந்தக் கதையின் முடிவு.

ஆனால் போகும்போது கீழே பார்த்து நடங்கள். ஈரம் தென்பட்டால், யாராவது துடைப்பார்கள் என்று தாண்டிப் போகாதீர்கள். துணி, வாளியின் விளிம்பில் கிடக்கிறது.